புதன்கிழமை நாலு மணிக்குள்

ஷீபா, முதலில் உட்கார். இதை நின்றுகொண்டு படிக்காதே.

நேற்றுச் சாயங்காலம் நீ போனில் கேட்டாய், "டாடி, சுனிதா ஆன்ட்டி ரிப்ளை பண்ணாங்களா?" என்று. "பாக்குதேன்னு சொல்லியிருக்கா, பண்டிகை நேரம்லா, கொஞ்சம் பொறு" என்றேன். அது பொய். பேப்பரில் ஞாயிறு இணைப்பைப் பார்த்துக்கொள்கிற சுனிதா ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளிடம் எதுவும் போய்ச் சேரவே இல்லை. உன் கடையைப் பற்றி மூன்று வாரத்துக்கு முன்னால் நீ எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. தினமும் அதை எடுத்துப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். எனக்குப் பயம். அறுபத்தெட்டு வயதில் பெற்ற மகளிடம் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயத்தை மறைக்கப் பொய், பொய்யை மறைக்க இன்னொரு பொய் என்று மூன்று வாரம் ஓட்டியாகிவிட்டது, இனி ஓட்ட எனக்குத் தெம்பில்லை. உன்னைப் போலச் சின்னதாக ஒரு கடை வைத்து, பேப்பரில் பேர் வருமா என்று காத்திருக்கிற வேறு பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலில் நீ படி.

பத்திரிகை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த வேலை பெருமையடித்துக்கொள்ளக் கூடியது அல்ல. நான் நிருபரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. வருகிற தபால்களையும் பிரஸ் நோட்டுகளையும் பிரித்து, இது நகரப் பக்கத்துக்கு, இது ஞாயிறு இணைப்புக்கு, இது குப்பைக்கூடைக்கு என்று தட்டில் போடுகிற குமாஸ்தா. பிரஸ் நோட் என்பது 'எங்களைப் பற்றி நாலு வரி போடுங்கள்' என்று ஊரார் எழுதும் மனு, அவ்வளவுதான். எத்தனை ஆயிரம் மனுக்களைப் பார்த்திருப்பேனோ தெரியாது. அதில் குப்பைக்குப் போனவை மோசமான மனுக்கள் என்று நினைக்காதே. பெரும்பாலும் நேரம் தப்பி வந்தவை. போவன்பள்ளி காய்கறி மண்டிக்குப் பக்கத்தில் ஆவக்காய் போட்டு விற்கிறவர் ஒருவர் ஜூலை மாதம் பாட்டிலும் கையுமாக வந்து நின்றார். ஆவக்காய் கதையை ஏப்ரலில் போட வேண்டும். ஜூலையில் ஊறுகாய் ஊறியிருக்கும், செய்தி புளித்திருக்கும். ஒருத்தர் முதல் மழை பெய்த அன்றைக்கே சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு குடைக்கடை விஷயமாக வந்தார். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. சாம்பிள் கெட்டுவிடும் என்றார். இன்னொருத்தர் தன் ஹோட்டல் திறப்பு விழாவைத் தேர்தல் ஓட்டு எண்ணும் நாளில் வைத்துவிட்டு, நிருபர் ஒருத்தரும் வரவில்லையே என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

இதெல்லாம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே சோற்றோடு ஊட்டிய பாடம்தான். காலையில் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் கூப்பிடு. மூன்று மணிக்கு மேல் பக்கம் கட்டுகிறவர்களைக் கூப்பிட்டால் எரிந்து விழுவார்கள். மாதப் பத்திரிகைக்கு மூன்று மாதம் முன்னால், ஞாயிறு இணைப்புக்கு மூன்று வாரம் முன்னால் சொல்லிவை, கடைசியாக அந்த வாரத்துப் புதன்கிழமை நாலு மணிக்குள் எல்லாம் அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு தடவை ஞாபகப்படுத்து, இரண்டாம் தடவை நச்சரிப்பு. ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைக்கு ஓட்டாதே, இரண்டுமே போடாது. ஒரே கடையிலிருந்து இரண்டு பேர் ஒரே ஆளுக்கு அனுப்பக் கூடாது, குழம்பிப்போய் இரண்டையும் தள்ளிவைப்பார்கள். எல்லாம் உண்மையான பேச்சு. இந்தக் கடைசி விதியை வைத்துத்தான் நான் உன் கையைக் கட்டினேன். "நானே அனுப்பிடுறேனே டாடி" என்று நீ கேட்டபோது, "வேண்டாம், ரெண்டு பேர் அனுப்பினா கெட்டுப்போகும், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். தெரிந்த தொழிலை வைத்து மகளை ஏமாற்றியிருக்கிறேன். குப்பைக்கூடைக்குக்கூடப் போகாமல் ஒரு மனு என் இழுப்பறையில் செத்துக் கிடப்பது இதுதான் முதல் தடவை.

அது எவ்வளவு பெரிய துரோகம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கையிலிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நீ குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வீட்டுக்குக் கீழ் அறையில் பேக்கரி திறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. போன மாதம் நீயே சொன்னாய், "டாடி, இந்தக் கிறிஸ்மஸ் கிளிக் ஆகலேன்னா ஜனவரில ஷட்டர இறக்கிட்டு மறுபடி ஆபீஸ் போக வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். சிரிப்புக்குப் பின்னால் இருந்தது எனக்குக் கேட்காமல் இல்லை. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்தால்தான் உனக்குப் பிரயோஜனம். அதற்கடுத்த ஞாயிறு வந்தால், ஜனங்கள் எங்கேயாவது ஆர்டர் கொடுத்து முடித்திருப்பார்கள். அந்த முதல் ஞாயிறுக்கான புதன்கிழமை இன்றைக்கு. நான் இதை எழுத உட்கார்ந்தபோது மணி பத்தே முக்கால்.

நீ எழுதியது நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிளம் கேக், முந்திரிக்கொத்து, கல்கல், அச்சு முறுக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற கடை குகட்பள்ளிப் பக்கம் வேறு இல்லை. அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறாய், புத்திசாலித்தனம். மூன்று பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கினேன். 'ஆத்மார்த்தமான சுவை' என்பதை அடித்துவிட்டேன், அந்த மாதிரி வார்த்தையைப் பார்த்தால் சுனிதா அங்கேயே நிறுத்திவிடுவாள். ஒன்றே ஒன்று மட்டும் குறை. எந்தத் தேதி வரை ஆர்டர் எடுப்பாய், எத்தனை கேக்கோடு நிறுத்துவாய் என்று எங்கேயும் இல்லை. வாருங்கள், வாருங்கள் என்று மட்டும் இருக்கிறது. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தாளை மடித்துத் திரும்ப இழுப்பறையில் வைத்துவிடுவேன். ஏன் என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லாதது.

உனக்கு ஆறு வயது. மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்சந்தில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். உன் அம்மா அப்போது கிறிஸ்மஸுக்கு ஆர்டர் எடுத்துச் செய்வாள். உனக்கு அது மங்கலாக நினைவிருக்கலாம். நம் சபையில் ஒரு நாற்பது வீடு, அவ்வளவுதான். பலகாரம் எல்லாம் வீட்டு அடுப்பில். கேக்குக்கு மாவைக் கலந்து தகர டின்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டைச் செருகி, தெருமுனை இரானி பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர்கள் ரொட்டி சுட்ட பிறகு அந்தச் சூட்டில் வேகவைத்துத் தருவார்கள். நான் சைக்கிளில் டின்களைச் சுமந்துகொண்டு போவேன், நீ முன்னால் உட்கார்ந்து ஒரு டின்னை மடியில் பிடித்திருப்பாய். நாற்பது வீட்டுக்கு அவள் போட்ட கணக்கு பிசகாது. எந்த நாள் எது செய்ய வேண்டும், எந்த மத்தியானம் படுக்க வேண்டும் என்பதுகூட அவள் காலண்டரில் இருக்கும். அவள் அப்போது ஐந்து மாதம். உனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் அன்றைக்குச் சொல்லலாம் என்று இருந்தோம்.

எனக்கு ஒரு ஆசை வந்தது. ஊரார் பேரையெல்லாம் தட்டில் தூக்கிப் போடுகிறேனே, என் பெண்டாட்டி பேர் ஒரு நாள் வரக் கூடாதா என்று. யாரையும் கேட்காமல் நானே எழுதினேன். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு இணைப்புக்கு, சரியாகப் புதன்கிழமை நாலு மணிக்குள், நல்ல வெயிலில் எடுத்த ஒரு போட்டோவோடு. நான் கற்ற வித்தை எல்லாவற்றையும் அந்தப் பத்து வரியில் காட்டினேன். அந்தக் காலத்தில் வழக்கப்படி வீட்டு விலாசத்தையும் கீழே போட்டேன். அவளிடம் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரைப் பிரித்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தாள். பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினாள். ஆராதனை முடிந்து திரும்பி வந்தபோது நம் வீட்டு வாசலில் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். கிறிஸ்மஸ் வாரத்தில் வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. தபால்காரர், பால்காரர், பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்கா, எதிர்வீட்டு ரெட்டி குடும்பம், எல்லோருக்கும் ஒரு தட்டு. அந்தப் பதினோரு பேரும் காசு கொடுத்து வாங்க வந்தவர்கள் என்பதே அவள் மனசில் ஏறவில்லை. "வீடு தேடி வந்தவகள எப்படிங்க இல்லைன்னு அனுப்ப?" என்றாள். சபைக்காரர்களுக்கு என்று பேர் எழுதிக் கட்டி வைத்திருந்த பொட்டலங்களிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம் இருபது பேர். திங்கட்கிழமை பஞ்சாரா ஹில்ஸிலிருந்து ஒரு கார் நம் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. ஒரு அம்மாள் இறங்கி நடந்து வந்தார்கள், எப்படி இல்லை என்பது. கொடுத்துவிட்டதை எல்லாம் திரும்பச் செய்ய வேண்டும், சபைக்காரர்களுக்குச் சொன்ன சொல் இருக்கிறது. நாலு நாள் அடுப்பு முன்னாலேயே நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். பேப்பர் பார்த்துத்தானே வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். 'கொஞ்சம் உட்காரேன்' என்று உள்ளே போய் அவளிடம் ஒரு தடவை சொல்லியிருந்தாலும், இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

வியாழக்கிழமை காலையில் அவள் தானாகவே தரையில் உட்கார்ந்தாள். "என்னமோ மாதிரி இருக்கு, ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். அதற்கு மேல் அதை எழுத மாட்டேன். உன்னை ஃபாத்திமா அக்கா வீட்டில் விட்டோம். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை, பக்கத்தில் போகக் கூடாது என்று உன்னிடம் சொன்னோம். அந்த வருஷம் கிறிஸ்மஸ் அன்று அவர்கள் உனக்குப் புதுச் சட்டை போட்டு, தங்கள் வீட்டில் பிரியாணி செய்து கொடுத்தார்கள். என் வாழ்க்கையிலேயே பெஸ்ட் கிறிஸ்மஸ் அதுதான் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாய். நீ சொல்லும்போது அம்மா எழுந்து சமையலறைக்குப் போவதை நீ கவனித்ததில்லை. நான் கவனித்திருக்கிறேன். டாக்டர், நின்றதாலேயே இப்படி ஆயிற்று என்று சொல்ல முடியாது, காரணமே இல்லாமலும் ஆவதுண்டு என்றுதான் சொன்னார். அவர் படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். என்னால்தான் நம்ப முடியவில்லை. அம்மா அதற்கப்புறம் ஆர்டர் எடுக்கவே இல்லை. அலுத்துப்போய் விட்டுவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இப்போது உனக்கு நாலு மாதம் முடியப் போகிறது. டிசம்பரில் ஐந்து. நீ அக்டோபரில் வந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினேன். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறி அமீர்பேட்டையில் மாறி குகட்பள்ளி வரைக்கும் வந்து, உன் கடைக்குள் வராமலே எதிர்ப்பக்க மருந்துக்கடை ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. நீ எத்தனை தடவை உட்காருகிறாய் என்று எண்ணுவேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு உயர முக்காலி வாங்கிப் போட்டேனே, போன வாரம் பார்த்தால் அதன் மேல் சர்க்கரை டப்பா உட்கார்ந்திருக்கிறது. கேட்டதற்கு, "டாடி, டென்ஷன் நக்கோ, பயப்படாதீங்க. ஐ வில் மேனேஜ்" என்றாய். உன் அம்மாவும் மேனேஜ்தான் பண்ணினாள். உன் தாளைக் கையில் எடுத்தால் எனக்கு உன் கடை வாசலில் வரிசை தெரிகிறது, வரிசைக்குப் பின்னால் நீ நிற்பது தெரிகிறது. அனுப்பாமல் இருந்தால் கடை போகலாம். கடை போனால் போகட்டும், என் பிள்ளை இருப்பாள் என்று நினைத்தேன். மூன்று புதன்கிழமைகளை அப்படித்தான் போகவிட்டேன். ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணி அடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

இன்றைக்குக் காலையில் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். கண்ணாடி தேடிக்கொண்டு இழுப்பறையைத் திறந்தவள், தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"இத அனுப்பிட்டேன்னு சொன்னிய?"

கையை நீட்டினேன், அவள் தாளைத் தரவில்லை.

"பிள்ள மூணு வாரமா போனப் பாத்துக்கிட்டு இருக்கா. என்ன செய்யுதிய நீங்க?"

"அவ மாசமா இருக்கா" என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். தாளை மடியில் விரித்து வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"அன்னைக்கு என்கிட்ட கேக்காம போட்டிய. இன்னைக்கு அவகிட்ட கேக்காம போடாம இருக்கிய. ரெண்டும் ஒண்ணுதான்."

"உன்கிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"ஜனவரில போடுங்கன்னு சொல்லியிருப்பேன். பிள்ள பெத்து எந்திரிச்சு அடுத்த கிறிஸ்மஸுக்குச் செய்யலாம்லா. எனக்கு ஆசை இல்லைன்னா நினைச்சிய? பேப்பர்ல பேரு வந்தது எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நேரந்தான் எனக்குத் தோதில்ல. அத நீங்க கேக்கல."

பிறகு எழுந்து போகிற போக்கில், என் பக்கம் திரும்பாமலே, "இருந்திருந்தா இப்ப இருபத்தேழு முடிஞ்சிருக்கும்" என்றாள். இத்தனை வருஷமும் அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் மட்டும்தான் எண்ணுகிறேன் என்று நினைத்திருந்தேன். ஷீபாவிடம் இதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க. அவளுக்கும் கூடப்பிறந்ததுதான்" என்றாள்.

ஜனவரி என்று அவள் சொன்னது காலையிலிருந்து காதில் நிற்கிறது. பத்திரிகை எப்போது வாங்கிக்கொள்ளும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். வாரத்தில் எந்த நாள், நாளில் எந்த மணி, எல்லாம் தெரியும். அடுப்பு முன்னால் நிற்கிறவளுக்கு எப்போது தோது என்று கேட்க வேண்டும் என்பது முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு வந்த குடைக்காரரிடமும் ஆவக்காய்க்காரரிடமும் நீ தாமதம், நீ தாமதம் என்று மட்டும்தான் சொன்னேன். 'பேர் வந்த மறுநாள் கூட்டம் வந்தால் சமாளிப்பாயா, வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்காவது உடம்பு சரியில்லையா' என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. ஆகவே நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது பாதிப் பாடம். மீதிப் பாதி எனக்கே இன்றைக்குக் காலையில்தான் கிடைத்தது, அதுவும் உன் அம்மாவிடமிருந்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாவிட்டால் நான் நியாயஸ்தன் இல்லை. போன மாதம் அந்த மருந்துக்கடை ஓரத்தில் நின்றபோது ஒன்று பார்த்தேன். ஒருத்தர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து அன்று சாயங்காலமே பெரிய கேக் வேண்டும் என்று நின்றார். நீ, "நை ஹோதா பையா. கல் ஷாம் கோ தேதூங்கி" என்றாய், இன்றைக்கு முடியாது, நாளைச் சாயங்காலம்தான் என்று. அவர் கெஞ்சினார், கூடுதலாகத் தருகிறேன் என்றார், குரலை உயர்த்தினார். நீ சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாய், அசையவில்லை. அவர் போய்விட்டார். எனக்கு ஐயோ, வந்த சீதேவியை அனுப்பிவிட்டாளே என்று இருந்தது. மறுநாள் அதே ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனதாக நீயே போனில் சொன்னாய். உன் அம்மாவுக்குச் சொல்ல வராத அந்த 'இல்லை' உனக்கு வருகிறது. எங்கே கற்றாயோ, நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் நான் உன்னை நம்பவில்லை. பயம் கண்ணை மறைத்தது என்று சொல்லலாம், அது சாக்குத்தான். எனக்கு ஞாபகமிருப்பது அவளுடைய நாலு நாள். நீ என் முன்னால் நின்றாலும் எனக்குத் தெரிவது அவள்தான்.

கடைசியாக ஒரு கள்ளத்தனம் பாக்கி இருக்கிறது. நான் உனக்கு ஆங்கிலத்தில் நாலு வரி அடித்து அனுப்பியிருக்கலாம், நீ அரை நிமிஷத்தில் படித்திருப்பாய். இதைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். ஞாயிறு பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். இத்தனை பக்கத்தை முடிக்க உனக்கு இரண்டு நாள் ஆகும், அதற்குள் புதன்கிழமை போய்விடும், குற்றத்தையும் சொன்ன மாதிரி ஆயிற்று, தாளும் போகவில்லை. பேனாவை எடுக்கும்போது மனசுக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்தப் பக்கத்துக்கு வரும்போதுதான் அதை எனக்கே ஒப்புக்கொள்ள முடிந்தது. மன்னிப்பு என்று கேட்டால் லேசாகப் போய்விடும், அதனால் கேட்கவில்லை.

மணி ஒன்று இருபது. அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், "எழுதினது போதும், எந்திரிங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மெட்ரோவில் வந்தால் இரண்டரைக்குள் உன் கடையில் இருப்போம். இதை நானே உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். மெட்டுகுடா வீட்டு இடம் வரும்போது என்னால் முடியாமல் போனால் அம்மா வாங்கி வாசிப்பாள். சுனிதாவின் நம்பரும் திருத்திய தாளும் என் பையில் இருக்கின்றன. இந்த ஞாயிறு வேண்டும் என்றால் இந்த ஞாயிறு, இத்தனை கேக்தான் என்று நீ ஒரு எண் போட்டால் அந்த எண்ணோடு. வேண்டாம், பிள்ளை பிறந்து அடுத்த வருஷம் என்றால் அடுத்த வருஷம். ஷட்டரை இறக்குவதானால் நான் வந்து கூடப் பிடித்து இறக்குகிறேன். உனக்கு எது தோது என்று நீ சொல்ல வேண்டும். நீ 'வேண்டாம்' என்று சொன்னால் நான் சந்தோஷப்படுவேன், அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. 'அனுப்பு டாடி' என்று சொன்னால் உன் கண் முன்னாலேயே, நாலு மணிக்குள், அனுப்பிவிடுவேன். அப்போதும் பயம் என் முகத்தில் தெரியும். அதைப் பார்த்து நீ மனசை மாற்றிக்கொள்ளாதே.